எச்.டி.எல். 76: ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் நோயாளி தனி ஒருவர் அல்ல. யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒரே மாதிரியான பிரச்சினையோடு வந்த சிலரின் விவரங்களைச் சேர்த்து ஒருவராக எழுதியிருக்கிறேன்.

வயது 52, ஆண். புகைப்பதில்லை, சர்க்கரை நோய் இல்லை. தினமும் காலையில் நான்கு கிலோமீட்டர் நடப்பவர். இரவு ஒரு மணிக்கு, நெஞ்சு படபடக்கிறது என்று மனைவி அவரை அவசரப் பிரிவுக்கு அழைத்து வந்தார். "உள்ள யாரோ தாறுமாறா தட்டுற மாதிரி இருக்கு டாக்டர்" என்றார். நாடியைப் பிடித்துப் பார்த்தாலே தெரிந்தது: இரண்டு துடிப்புக்கு நடுவே இருந்த இடைவெளி ஒருமுறை இருந்ததுபோல் மறுமுறை இல்லை. ஈ.சி.ஜி.யில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அதாவது இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தன. துடிப்பு நிமிடத்துக்கு 138, ரத்த அழுத்தம் 154/96. டிரோபோனின் இயல்பாக இருந்ததால் மாரடைப்பு இல்லை என்று நிம்மதி. தைராய்டும் சரியாக இருந்தது. பொட்டாசியம் 3.4, மக்னீசியம் 1.6, இரண்டும் கொஞ்சம் குறைவு. எக்கோவில் இதயம் ரத்தத்தை நன்றாகவே பம்ப் செய்தது, ஆனால் இடது மேலறை லேசாக விரிந்திருந்தது.

பீட்டா பிளாக்கர் கொடுத்து வேகத்தைக் குறைத்தோம், குறைந்திருந்த உப்புகளை ஏற்றினோம். பதினான்கு மணி நேரத்தில் துடிப்பு தானாகவே ஒழுங்குக்கு வந்துவிட்டது. அவசரச் சிகிச்சை அவ்வளவுதான்.

மறுநாள் வார்டில் அவர் பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். மூன்று வருட உடல் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், தேதி வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. "எல்லாம் நல்லா இருக்குன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார். போன வருட ரிப்போர்ட்டில், 'நல்ல கொழுப்பு' என்று சொல்லும் எச்.டி.எல். 74 என்ற எண்ணைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் "மிக நன்று". கையெழுத்து என்னுடையது. இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததற்கு அந்த இரண்டு சொற்கள்தான் காரணம்.

அந்த ஃபைலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். எச்.டி.எல். மூன்று வருடமாக 68, 72, 74 என்று ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. அதே பக்கங்களில் ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 190, 240, 290. முதல் வரிசையைப் பார்த்து நாங்கள் இருவரும் சந்தோஷப்பட்டிருக்கிறோம். இரண்டாவதற்கு "எண்ணெய் குறைக்கவும்" என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கிறேன். இரண்டும் ஒரே காரணத்தால் ஏறக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. கல்லீரல் பரிசோதனை அந்தப் பேக்கேஜிலேயே இல்லை.

இந்த முறை எல்லாவற்றையும் பார்த்தோம். மொத்தக் கொலஸ்ட்ரால் 228, எச்.டி.எல். 76, டிரைகிளிசரைடு 342, 'கெட்ட கொழுப்பு' என்று சொல்லும் எல்.டி.எல். கணக்கிட்டதில் 84. கல்லீரல் நொதிகளான ஜி.ஜி.டி. 168, ஏ.எஸ்.டி. 71, ஏ.எல்.டி. 46. சிவப்பணுவின் சராசரி அளவான எம்.சி.வி. 101. யூரிக் அமிலம் 8.3.

இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு சமாதானம் சொல்லிவிடலாம். ஜி.ஜி.டி. கொழுப்புக் கல்லீரலிலும் ஏறும், எம்.சி.வி. பி12 குறைந்தாலும் ஏறும் (இவருக்கு பி12, ஃபோலேட் இரண்டும் சரியாகவே இருந்தன). சேர்த்துப் படித்தால்தான் ஒரு முகம் தெரிகிறது. ஏ.எஸ்.டி. ஏ.எல்.டி.யைவிடக் கூடுதல், சிவப்பணு பெரிது, ஜி.ஜி.டி. உயர்வு, யூரிக் அமிலம் உயர்வு, டிரைகிளிசரைடு உயர்வு, கூடவே எச்.டி.எல்.லும் உயர்வு. இதில் கடைசி ஜோடிதான் முக்கியம். வழக்கமாக டிரைகிளிசரைடு ஏறினால் எச்.டி.எல். இறங்கும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலில் அப்படித்தான் பார்க்கிறோம். இரண்டும் ஒன்றாக ஏறினால் மதுவைப் பற்றிக் கேட்டாக வேண்டும்.

கேட்டேன். "ராத்திரி ரெண்டு பெக், அவ்வளவுதான் டாக்டர். இதயத்துக்கு நல்லதுன்னு சொல்றாங்களே." பொய் சொல்லவில்லை, அவர் மனசாரச் சொன்ன கணக்கு அது. பக்கத்தில் நின்ற மனைவி எதுவும் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மனைவியிடம் வீட்டில் அவர் குடிக்கும் கண்ணாடி டம்ளரைக் கொண்டுவரச் சொன்னேன். அடுத்த நாள் அது வந்தது, அடி கனமான குட்டை டம்ளர். தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, "வழக்கமா எவ்வளவு ஊத்துவீங்களோ அவ்வளவு ஊத்துங்க" என்றேன். யோசிக்காமல் ஊற்றினார், பழகிய கை, சரியான இடத்தில் நின்றது. அதை அப்படியே அளவுக் குழாயில் ஊற்றிக் காட்டினேன். 95 மில்லி. அவர் குனிந்து கோட்டை இரண்டு முறை பார்த்தார்.

கணக்கு எளிது. 40 சதவீத மதுவில் 95 மில்லி என்றால் 38 மில்லி தூய ஆல்கஹால். எடையில் 30 கிராம். இரண்டு டம்ளர் 60 கிராம், வாரத்துக்கு 420. அவர் மனதில் இருந்தது 30 மில்லி பெக் இரண்டு. அது நாளுக்கு 19 கிராம்கூட வராது. அவர் நினைத்ததைப்போல மூன்று மடங்குக்கும் மேல் குடித்துக்கொண்டிருந்தார். குடிப்பழக்கத்தைப் பற்றிய பெரும்பாலான ஆய்வுகள் ஜனங்கள் தாங்களே சொல்லும் அளவை நம்பித்தான் நடக்கின்றன என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெத் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பாஸ்பாட்டிடைல் எத்தனால் என்பதன் சுருக்கம். ரத்தத்தில் ஆல்கஹால் இருக்கும்போது மட்டுமே சிவப்பணுவின் உறையில் உருவாகும் கொழுப்புப் பொருள் இது. வேறு எந்த நோயும் இதை உண்டாக்காது. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குடிப்பதே இல்லை அல்லது மிகக் கொஞ்சம். 200-ஐத் தாண்டினால் அதிகம். அவர் சம்மதத்தோடு எடுத்தோம். 412.

ஆல்கஹால் ரத்தத்தில் இப்படிப் பல தடயங்களை விட்டுச் செல்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிகாரம். ஆல்கஹால் சில மணி நேரத்தில் போய்விடும். சிறுநீரில் எத்தில் குளுக்குரோனைடு மூன்று நாள் வரை தெரியும். பெத் இரண்டு முதல் நான்கு வாரம். ஜி.ஜி.டி. பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். எம்.சி.வி.க்கு மாதக் கணக்கு, ஏனென்றால் ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. பெரிதாகிப்போனவை போய்ப் புதியவை வர வேண்டும்.

இதயத்துக்கும் இந்தத் தடயங்களுக்கும் என்ன சம்பந்தம்? கல்லீரலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆல்கஹால் முதலில் அசிட்டால்டிஹைடாகவும் பிறகு அசிட்டேட்டாகவும் மாறுகிறது. இந்த இரண்டு படிகளிலும் என்.ஏ.டி. என்ற துணைப் பொருள் செலவாகி என்.ஏ.டி.எச். ஆகிறது. கல்லீரலில் என்.ஏ.டி.எச். குவிந்துவிட்டால் கொழுப்பை எரிக்கும் வேலை தடைப்படும், கொழுப்பைக் கட்டும் வேலை வேகம் பிடிக்கும். ராத்திரி உணவில் வந்த கொழுப்பு எரியாமல் நிற்கிறது, அதற்கு மேல் புதிதாகவும் சேர்கிறது. எல்லாம் டிரைகிளிசரைடாகி, வி.எல்.டி.எல். துகள்களில் ஏறி ரத்தத்துக்கு வருகிறது. இவருடைய 342 அப்படி வந்ததுதான். எண்ணெயைக் குறைத்தால் சரியாகிவிடும் விஷயம் அல்ல. என்.ஏ.டி.எச். கூடும்போது லாக்டேட்டும் கூடும், அது சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதைத் தடுக்கும். 8.3-க்கு அது ஒரு காரணம்.

சாதாரண லேபில் நாம் பார்ப்பது பத்துப் பதினைந்து எண்கள். ஆராய்ச்சிக் கூடங்களில் ஒரே ரத்த மாதிரியில் நூற்றுக்கணக்கான வளர்சிதைப் பொருட்களை, அதாவது மெட்டபொலைட்டுகளை, அளக்க முடிகிறது. அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் இதய ஆய்வு 1948-இல் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் 1971-இல் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் 2,428 பேரின் பல வருடக் குடிப்பழக்கத்தைச் சராசரியாக்கி, 211 மெட்டபொலைட்டுகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2023-இல் வெளியானது. 60 பொருட்கள் குடியின் அளவோடு சேர்ந்து மாறின. குடி கூடக் கூட ஏறியவற்றில் கொலஸ்டெரில் எஸ்டர் 16:1 ஒன்று. 16:1 என்பது பால்மிட்டோலெயிக் அமிலம். கல்லீரல் தானே புதிதாகக் கொழுப்பு செய்யும்போது கூடுவது. மேலே சொன்ன கதையின் கைரேகையே அங்கே பதிந்திருக்கிறது.

அந்த 60-இல் 10 மட்டுமே இதய, ரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்போடும் தொடர்பு காட்டின. அந்தப் பத்தை வைத்து ஆய்வாளர்கள் இரண்டு மதிப்பெண்களைக் கட்டினார்கள். ஒன்று கூடினால் நோய் வாய்ப்பு ஏறக்குறைய பத்து சதவீதம் கூடியது; மற்றொன்று கூடினால் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது. ஒரே பழக்கம் ரத்தத்தில் இரண்டு திசையிலும் அடையாளம் விடுகிறது.

இதைப் படித்துவிட்டு "பாதி நல்லது, பாதி கெட்டது, கழித்தால் சமம்" என்று முடிவு செய்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். ஒரு பொருள் நோயோடு சேர்ந்து காணப்படுவதும் அந்த நோயை உண்டாக்குவதும் தடுப்பதும் வெவ்வேறு. எச்.டி.எல்.லைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். எச்.டி.எல். கூடுதலாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பதைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவந்தோம். அப்படியென்றால் மருந்து கொடுத்து அதை ஏற்றினால் மாரடைப்பு குறைய வேண்டும் அல்லவா? டார்செட்ராபிப் எச்.டி.எல்.லை நன்றாகவே ஏற்றியது. ஆனால் மருந்து எடுத்தவர்களில் இறப்பு கூடியதால் 2006 டிசம்பரில் ஆய்வையே நிறுத்தினார்கள். 2012-இல் டால்செட்ராபிப், 2015-இல் எவாசெட்ராபிப், எச்.டி.எல். ஏறியது, பலன் இல்லை. நியாசினும் அப்படித்தான் ஏமாற்றியது. பிறவியிலேயே எச்.டி.எல்.லை உயர்த்தும் ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை என்று 2012-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது.

மதுவும் எச்.டி.எல்.லை ஏற்றுகிறது. கல்லீரல் அந்தத் துகளின் முக்கியப் புரதத்தைக் கூடுதலாக வெளியே அனுப்புகிறது, அதனால் எண் ஏறுகிறது. எண் ஏறிய அளவுக்கு ரத்தக்குழாய்க்குப் பாதுகாப்பு கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. நான் "மிக நன்று" என்று எழுதிய 74 அவருடைய நடைப்பயிற்சி தந்ததும் இல்லை, பிறவியில் வந்ததும் இல்லை. பெரும்பகுதி அந்தக் குட்டை டம்ளர் தந்தது.

சரி, அளவாகக் குடித்தால் மாரடைப்பு குறையும் என்ற பேச்சு? அதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 19 நாடுகளில் குடிப்பழக்கம் உள்ள சுமார் 6 லட்சம் பேரின் தரவுகள் 2018-இல் லான்செட் இதழில் வந்தன. வாரத்துக்கு 100 கிராம் கூடினால் மாரடைப்பு 6 சதவீதம் குறைவு என்றுதான் அதிலும் இருந்தது. ஆனால் அதே 100 கிராமுக்குப் பக்கவாதம் 14 சதவீதம், இதயச் செயலிழப்பு 9 சதவீதம், உயர் ரத்த அழுத்தத்தால் வரும் கொடிய நோய்கள் 24 சதவீதம் கூடின. ஆயுள் குறையத் தொடங்கும் எல்லையாக அவர்கள் கண்டது வாரத்துக்குச் சுமார் 100 கிராம். இவர் குடித்தது 420.

அந்த 6 சதவீதமும் எவ்வளவு நிஜம் என்பது வேறு கேள்வி. நோய் வந்து குடியை விட்டவர்களும் "குடிக்காதவர்கள்" கணக்கில் சேர்ந்துவிடுவார்கள்; அதனால் குடிக்காதவர்கள் எல்லாம் நோயாளிகள்போலத் தெரியும். பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இதை 1988-லேயே சுட்டிக்காட்டினார்கள். பிறகு மரபணு வழியாகப் பார்க்கும் முறை வந்தது. சிலருக்குப் பிறவியிலேயே ஆல்கஹாலை உடைக்கும் நொதி வேறு மாதிரி இருக்கும், குடித்தால் முகம் சிவந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் குறைவாகக் குடிப்பார்கள். அந்த மரபணு குடித்த பிறகு மாறுவதில்லை. பணக்காரர், ஏழை, நோயாளி என்றும் பார்ப்பதில்லை. 2014-இல் 2.6 லட்சம் பேரிடம் பார்த்தபோது, குறைவாகக் குடிக்க வைக்கும் மரபணு உள்ளவர்களுக்கு இதய நோய் சுமார் 10 சதவீதம் குறைவாக இருந்தது. கொஞ்சமாகக் குடிப்பவர்களிடமும் அதே போக்கு. 2019-இல் சீனாவில் 5 லட்சம் பேரைத் தொடர்ந்த ஆய்வில், வாயால் சொன்ன அளவை வைத்துப் பார்த்தால் அளவாகக் குடிப்பவர்களுக்குப் பக்கவாதம் குறைவு. மரபணுவை வைத்துப் பார்த்தால் அந்தப் பாதுகாப்பு காணாமல் போனது, குடி கூடக் கூடப் பக்கவாதம் கூடியது. மாரடைப்பில் மட்டும் அவ்வளவு தெளிவான தொடர்பு தெரியவில்லை.

இவருக்கு வந்தது மாரடைப்பு அல்ல, துடிப்புக் கோளாறு. அதில் மது நல்லது என்று யாரும் வாதிட இடமே இல்லை. அதிகமாகக் குடித்துவிட்டு மறுநாள் படபடப்போடு வருபவர்களைப் பற்றி 1978-லேயே மருத்துவ இதழில் எழுதி, விடுமுறை இதயம் என்று பெயரும் வைத்தார்கள். 2021-இல், இந்தக் கோளாறு உள்ள 100 பேருக்கு ஈ.சி.ஜி. பதிவுக் கருவியையும் கணுக்காலில் ஆல்கஹால் உணரியையும் நான்கு வாரம் மாட்டிவிட்டுப் பார்த்தார்கள். ஒரு கிளாஸ் குடித்தால்கூட அடுத்த நான்கு மணி நேரத்தில் கோளாறு வரும் வாய்ப்பு இரட்டிப்பானது. இவர் வந்தது இரவு ஒரு மணிக்கு. கடைசி டம்ளர் பத்தரை மணிக்கு.

சிகிச்சையில் நான் மிகவும் நம்பியது 2020-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வை. இதே கோளாறு உள்ள, வாரத்துக்குப் பத்து டிரிங்கோ அதற்கு மேலோ குடிக்கும் 140 பேரில் பாதிப் பேரை நிறுத்தச் சொன்னார்கள், பாதிப் பேரை வழக்கம்போல விட்டார்கள். ஆறு மாதத்தில் கோளாறு திரும்பி வந்தது குடித்தவர்களில் 73 சதவீதம் பேருக்கு, நிறுத்தச் சொன்னவர்களில் 53 சதவீதம் பேருக்கு. ஒரு பழக்கத்தை விடுவதால் மட்டும் கிடைத்த வித்தியாசம் அது. இந்த எண்களை அவருக்கும் மனைவிக்கும் தாளில் எழுதிக் காட்டினேன். "குறைச்சுக்கட்டுமா, இல்ல நிறுத்தணுமா?" என்றார். உங்கள் துடிப்புக்கு நிறுத்துவதுதான் சரி என்றேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை முதலில் வரும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அப்புறம் மனக்குழப்பம், உயிருக்கே ஆபத்து. இவரை முதல் மூன்று நாளும் வார்டிலேயே வைத்துப் பார்த்தோம், தயமின் (வைட்டமின் பி1) கொடுத்தோம். லேசான நடுக்கத்தோடு முடிந்தது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்கினோம். இந்தத் துடிப்புக் கோளாறால் பக்கவாதம் வரும் வாய்ப்புக்கான மதிப்பெண் 1 மட்டும்தான் என்பதால், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைப் பற்றி அவரோடு பேசி, இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

மூன்றாவது வாரம்: டிரைகிளிசரைடு 172, ஜி.ஜி.டி. 84, பெத் 58. ரத்த அழுத்தம் 138/86. மூன்றாவது மாதம்: டிரைகிளிசரைடு 138, ஜி.ஜி.டி. 38, எம்.சி.வி. 95, யூரிக் அமிலம் 6.9, பெத் கண்டறிய முடியாத அளவுக்குக் கீழே. எடை மூன்றரைக் கிலோ குறைந்திருந்தது. நாளுக்கு 420 கலோரி அந்த டம்ளரிலிருந்து மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஆனால் அந்த மூன்றாவது மாத ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாடிய முகத்தோடுதான் உள்ளே வந்தார். எச்.டி.எல். 54. எல்.டி.எல். 110. "நல்ல கொழுப்பு குறைஞ்சுபோச்சு, கெட்ட கொழுப்பு கூடிப்போச்சு டாக்டர். இதுக்கா விட்டேன்? கொஞ்சமா, ஒரு பெக் மட்டும் ஆரம்பிச்சா எச்.டி.எல். ஏறாதா?"

ஏறும் என்றுதான் சொன்னேன், அது உண்மை. பிறகு பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எல்.டி.எல். 84 என்பது அளந்த எண் இல்லை, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து வந்த எண். டிரைகிளிசரைடு 342 என்றால் கழிவு பெரிது, மீதி சின்னது. இத்தனை உயர்வில் அந்தச் சூத்திரம் எல்.டி.எல்.லைக் குறைத்தே காட்டும். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்துப் பாருங்கள், ரத்தக்குழாயில் படியக்கூடிய துகள்களின் கொலஸ்ட்ரால் முழுவதும் அதில் அடங்கும் என்றேன். அவரே பேனாவை வாங்கிக் கழித்தார். அன்று 228-இல் 76 போக 152. இன்று 192-இல் 54 போக 138. கூடவில்லை, குறைந்திருக்கிறது. இரண்டு எண்களுக்கும் அடியில் கோடு போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

138 இன்னும் கொஞ்சம் குறைய வேண்டிய எண்தான். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை தொடங்குவதைப் பற்றி அடுத்த வருகையில் பேசலாம் என்று வைத்திருக்கிறோம். இடது மேலறை சுருங்கியிருக்கிறதா என்று வருடம் முடிந்ததும் எக்கோ எடுக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு முறை, ஒரு குடும்ப விசேஷத்தன்று, இரண்டு கிளாஸ் குடித்ததாகத் தானாகவே சொன்னார். அன்று ராத்திரி பத்து நிமிடம் படபடத்து அடங்கியிருக்கிறது. தேதியையும் மணியையும் குறித்துக்கொண்டு வந்திருந்தார். அதை அவருடைய ஃபைலில் சேர்த்தேன். கல்லீரல் பரிசோதனையையும் எம்.சி.வி.யையும் இனி வருடா வருடம் லிப்பிட்டோடு சேர்த்தே எடுக்கச் சொல்லி அதே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.